பெஸ்டிசைடு: 'பூச்சிமருந்து' என்று சொல்லலாமா?

என் தாய்மாமா கத்தரிச் செடியில் வாடித் தொங்கும் நுனித்தண்டு ஒன்றைக் கிள்ளி, செய்தித்தாளில் சுருட்டி எடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போவார். கடைக்காரர் தண்டை நகத்தால் பிளந்து உள்ளே நெளியும் புழுவைப் பார்த்துவிட்டு, "இந்த மருந்தை அடிங்க, டேங்குக்கு இத்தனை மில்லி" என்று ஒரு புட்டியை எடுத்து வைப்பார். பத்து நாள் கழித்து மாமா திரும்பப் போய் "போன மருந்து கேக்கலையேப்பா" என்பார், கடைக்காரர் இன்னும் கொஞ்சம் காரமானதாக ஒன்றைக் கொடுப்பார். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போய்ப் பேசுவதற்கும் இதற்கும் ஒரு சொல்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தப் புட்டியின் ஒட்டுத்தாளைப் பார்த்தால் ஒரு சாய்சதுரம், அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மேல்பாதியில் மண்டை ஓடும் குறுக்கெலும்பும்.

அதனால் 'பெஸ்டிசைடு' என்ற ஆங்கிலச் சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

லத்தீனில் 'பெஸ்டிஸ்' என்றால் கொள்ளைநோய். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'பெஸ்ட்' ஆனபோதும் முதலில் பிளேக் மாதிரியான நோயைத்தான் குறித்தது. அப்புறம்தான் தொல்லை பிடித்த ஆளுக்கும், பயிரைத் தின்னும் உயிருக்கும் அந்தப் பெயர் வந்தது. பின்பாதியான 'சைடு' லத்தீனின் 'கெடேரே' என்ற வினையிலிருந்து வருவது: வெட்டு, கொல் என்று பொருள். இனப்படுகொலையைக் குறிக்கும் 'ஜெனோசைடு' என்பதில் இருப்பதும் இதே 'சைடு'தான். 'இன்செக்டிசைடு' 19ஆம் நூற்றாண்டிலேயே புழங்கிய சொல், 'பெஸ்டிசைடு' 20ஆம் நூற்றாண்டில் பிறந்த தம்பி. ஆனால் தம்பி அண்ணனைவிடப் பெரிய ஆள். பூச்சி, களை, பூஞ்சை, எலி, நூற்புழு, நத்தை என்று எதைக் கொன்றாலும் பெஸ்டிசைடுதான்.

நம் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் நாளிதழ் முதல் அரசு அறிக்கை வரை பெஸ்டிசைடுக்குப் 'பூச்சிக்கொல்லி' என்றே எழுதுகிறார்கள். அது இன்செக்டிசைடுக்குத்தான் சரி. களைக்கொல்லியைப் பூச்சிக்கொல்லி என்று எழுதினால், கிளைபோசேட் என்ற களைக்கொல்லி ஏதோ வண்டைக் கொல்வது என்றுதானே படிக்கிறவர் நினைப்பார்? இதில் தமிழர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இந்தியாவின் சட்டத்துக்கே 'இன்செக்டிசைட்ஸ் ஆக்ட், 1968' என்றுதான் பெயர், உள்ளே பூஞ்சைக்கொல்லியும் களைக்கொல்லியும் அடக்கம்.

'கொல்லி' நல்ல பழைய தமிழ். கோபத்தைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்கிறது குறள், தன்னைச் சேர்ந்தவரையே கொல்வது என்று. தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு, முகமூடி கையுறை எதுவும் இல்லாமல், எதிர்க்காற்றில் பருத்திக்காட்டுக்குள் நடக்கும் கூலியாளை நினைத்துப் பார்த்தால் அந்தத் தொடர் இன்னும் நன்றாகப் புரியும். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்குத் தெளித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

இலங்கைத் தமிழில் இதற்கு வேறு சொல் இருக்கிறது: பீடைநாசினி, பீடைகொல்லி. தமிழ்நாட்டுக்காரர் முதலில் கேட்டால் சிரிப்பார், ஏனென்றால் நமக்குப் பீடை என்றால் 'பீடை பிடிச்சவனே' என்ற வசவு, இல்லாவிட்டால் மார்கழியைப் பீடை மாதம் என்று சொல்வது. ஆனால் யோசித்துப் பாருங்கள், 'பெஸ்ட்' என்பதும் அப்படியே ஒரு வசவுதான். பீடை வடமொழிச் சொல், துன்பம் என்று பொருள். நோய், தொல்லை, தொல்லை தரும் உயிர் என்று லத்தீன் சொல் நடந்த அதே பாதையில் இதுவும் நடந்திருக்கிறது, பூச்சி மட்டும்தான் என்ற குறுகலும் இல்லை. தனித்தமிழ் ஆர்வலர்களுக்குப் பிடிக்காமல் போகலாம், எனக்கு இதைவிடப் பொருத்தமானது இதுவரை கிடைக்கவில்லை.

இலங்கையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே 1980களில் பாரத்தியான் என்ற கடும் நச்சுப் பூச்சிக்கொல்லியில் தொடங்கி, 1995இல் மிகக் கொடிய நச்சு வகைகளையும், 1998இல் எண்டோசல்பானையும் அடுத்தடுத்துத் தடை செய்தார்கள். பத்தாண்டுகளில் நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'மருந்தைக் குடிச்சிட்டான்' என்ற தொடருக்கு என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 'பாலிடாயில்' என்று நாம் சொல்வதும் பாரத்தியானின் வணிகப்பெயரான ஃபோலிடால் மருவியதுதான். 1958இல் கேரளத்தில் கோதுமை மாவோடு கப்பலில் வந்த பாரத்தியான் கசிந்து, அந்த மாவைச் சாப்பிட்ட 100 பேருக்கு மேல் இறந்தார்கள். மேலே சொன்ன 1968 சட்டத்துக்குத் தூண்டுதலே அந்தச் சாவுகள்தான்.

சரி, இதை மருந்து என்று சொல்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டும்தானா? இல்லவே இல்லை. சீன மொழியில் 'நோங்யாவ்', ஜப்பானியத்தில் 'நோயாகு', கொரிய மொழியில் 'நோங்யாக்', மூன்றுக்கும் வேளாண் மருந்து என்றுதான் பொருள். ஜெர்மானியர் 'பயிர்ப் பாதுகாப்புப் பொருள்' என்கிறார்கள், பிரெஞ்சில் 'பயிர்நலப் பொருள்'. பிரேசிலில் வணிகர்கள் 'வேளாண் காப்பான்' என்று பொருள்படும் பெயரைப் புழங்கிக்கொண்டிருந்தபோது, 1970களில் அடில்சன் பாஸ்கோவல் என்ற பேராசிரியர் 'அக்ரோடாக்சிகோ' என்று ஒரு சொல்லை உருவாக்கினார். வேளாண் நஞ்சு, அவ்வளவுதான். 1989இல் அது சட்டத்திலேயே ஏறிவிட்டது. அண்மையில் சட்டத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டு 'பெஸ்டிசிடா' என்று போடப் பெரிய முயற்சி நடந்தது. 2023இல் வந்த புதிய சட்டத்திலும் கடைசியில் 'நஞ்சு' தங்கிவிட்டது. ஒரு சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்டா என்றால், ஆமாம், விற்கிறவருக்கும் எதிர்க்கிறவருக்கும் சொல்லின் விலை தெரிந்திருக்கிறது.

மருந்து என்ற சொல் நம்மை எப்படி நடக்க வைக்கிறது என்பதற்கு இந்தோனேசியாவின் நெல்வயல்தான் நல்ல உதாரணம். 1970களிலும் 80களிலும் அங்கே புகையான் என்ற பூச்சி படையெடுத்தது. கருகிப் புகைந்த மாதிரி பயிரை ஆக்குவதால் நாம் வைத்த அருமையான பெயர் அது. நோய் வந்தால் மருந்துதானே? அரசே செலவில் பெரும்பகுதியை மானியமாகக் கொடுத்துத் தெளிக்கச் சொன்னது. தெளிக்கத் தெளிக்கப் புகையான் கூடியது. காரணம், புகையான் முட்டையை நெல் தண்டைச் சுற்றிய இலையுறைக்குள் செருகி வைத்துவிடும், நஞ்சு அங்கே சரியாக எட்டாது. வெளியே திரிந்து புகையானைத் தின்றுகொண்டிருந்த சிலந்திதான் முதலில் செத்தது. முட்டை பொரிந்தபோது தின்ன ஆளில்லை. 1986இல் சுகார்த்தோ அரசு நெல்லுக்கு 57 வகைத் தயாரிப்புகளைத் தடை செய்தது, மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. உழவர்களை வயலில் உட்கார வைத்து, எந்தப் பூச்சி எதைத் தின்கிறது என்று படம் வரைந்து பார்க்கச் சொன்ன வயல்வெளிப் பள்ளிகள் 1989இல் தொடங்கின. நெல் விளைச்சல் விழவில்லை. 'ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை' என்று நாம் வாய் வலிக்கச் சொல்வதற்கு உலகம் காட்டும் பெரிய சான்று இது. இதைவிட எளிய பெயர் ஒன்றை யாராவது வைத்தால் புண்ணியம்.

அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962லேயே இந்த நஞ்சுகளை இன்செக்டிசைடு என்று சொல்லக்கூடாது, 'பயோசைடு' என்று சொல்லவேண்டும் என்று எழுதினார். தமிழில் உயிர்க்கொல்லி. சிலந்தியை நினைத்தால் அது மிகை இல்லை.

நம் இயற்கை விவசாயிகள் கொண்டுவந்த ஒரு சொல்லையும் விட்டுவிடக் கூடாது: பூச்சிவிரட்டி. ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வரும் இலை, கசக்கும் இலை என்று பார்த்துப் பறித்து, வேம்பு, நொச்சி, எருக்கு, ஆடாதொடை எல்லாம் இடித்து மாட்டுக் கோமியத்தில் ஊறவைப்பார்கள். நாலு வீடு தள்ளியே நாற்றம் வரும். கொல்லிக்குப் பதில் விரட்டி என்று சொன்னதிலேயே நோக்கம் தெரிகிறது, போய்விடு, அது போதும் என்கிற மாதிரி. ஆனால் இந்தப் பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒட்டக்கூடாது. புகையிலைக் கரைசலும் இலையிலிருந்து வருவதுதான், அதிலுள்ள நிகோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் கடும் நஞ்சு, அது விரட்டி இல்லை, கொல்லியேதான்.

ஆக, எழுதும்போது பூச்சியைக் கொல்வதற்குப் பூச்சிக்கொல்லி, களைக்குக் களைக்கொல்லி, பூஞ்சைக்குப் பூஞ்சைக்கொல்லி, எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பீடைகொல்லி என்று நான் எழுதுகிறேன். மாமாவிடம் மட்டும் இன்னும் மருந்து என்றுதான் பேசுகிறேன், பீடைகொல்லி என்றால் யாரைத் திட்டுகிறாய் என்று கேட்பார்.