கமாண்டோ: ஆளா, படையா, கட்டளையா?

‘கமாண்டோ வீரர்கள் வீட்டைச் சுற்றி வளைத்தனர்’ என்று செய்தி வந்தால், மொழி ஆர்வலர் யாராவது ஒருவர் கிளம்பிவிடுவார். கமாண்டோ என்றாலே வீரர்தானே, மறுபடியும் எதற்கு ஒரு வீரர், ‘நடு சென்டர்’ கதையாக இருக்கிறதே என்பார். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் ‘கமாண்டோ வீரர்’ தவறே இல்லை. சொல்லப்போனால் அதுதான் பழைய பொருளுக்கு நெருக்கம்.

கமாண்டோ போர்த்துக்கீசிய வழி வந்த சொல். கட்டளையிடுதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘கமாண்ட்’, ‘கமாண்டர்’ எல்லாம் இதற்கு உடன்பிறப்புகள். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழியினர், அதாவது போவர்கள், இதை எடுத்துக்கொண்டபோது, ஒரு தலைவனின் கட்டளைக்குக் கீழே திரளும் ஆயுதக் குழு என்று பொருள் மாறியது. குழுவில் இருந்தவர்கள் முழுநேரப் படையினர் அல்லர்; சொந்தக் குதிரை, சொந்தத் துப்பாக்கியோடு வந்த பண்ணைக்காரர்கள். இந்தக் குழுக்கள் முதலில் பாய்ந்தது அந்த மண்ணின் பூர்வகுடிகள் மீது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1899 முதல் 1902 வரை அவர்களோடு நடந்த போவர் போரில்தான் பிரிட்டன் இந்தச் சொல்லின் சூட்டை நன்றாக உணர்ந்தது. முக்கிய நகரங்களைப் பிடித்தாகிவிட்டது, போர் முடிந்தது என்று நினைத்த பிறகும், குதிரையேறிய சிறு குழுக்கள் தண்டவாளத்தைத் தகர்த்துவிட்டு வெட்டவெளியில் மறைந்துகொண்டிருந்தன. 1940இல் பிரான்சின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து பின்வாங்கிய பிரிட்டன், ஜெர்மனி பிடித்துவைத்திருந்த கடற்கரைகளைத் திடீரெனத் தாக்கிவிட்டுத் திரும்பும் சிறு படைகளை உருவாக்க நினைத்தபோது, அவற்றுக்கு இந்தப் பழைய எதிரியின் பெயரையே வைத்தது. யோசனையைக் கொடுத்த அதிகாரி டட்லி கிளார்க் பிறந்ததே தென்னாப்பிரிக்காவில். அதை வரவேற்ற பிரதமர் சர்ச்சில், போவர் போருக்குச் செய்தியாளராகப் போய் போவர்களிடம் சிறைப்பட்டவர்.

அப்போதும் கமாண்டோ என்பது ஆளைக் குறிக்கவில்லை. ‘4ஆம் எண் கமாண்டோ’ என்றால் சில நூறு பேர் கொண்ட ஒரு படைப்பிரிவு. இன்றும் பிரிட்டனின் கடற்படையைச் சேர்ந்த ராயல் மரீன் படையில் 40 கமாண்டோ, 42 கமாண்டோ என்று பிரிவுகள் உண்டு. ஆகவே கமாண்டோ வீரர் என்றால் அந்தப் பிரிவைச் சேர்ந்த வீரர். கணக்குச் சரியாகிவிட்டது.

படையின் பெயர் ஆளின் மேல் ஏறியதற்குப் பயிற்சிதான் காரணம் என்பது என் கணிப்பு. 1942இல் ஸ்காட்லாந்தின் அக்னாகாரியில் தனிப் பயிற்சி மையம் வந்தது. அதைத் தாண்டியவனுக்குப் பச்சைத் தொப்பி என்று ஒரு தனி அடையாளமும் வந்தது. ராயல் மரீன் படையில் சேர்பவர் இன்றும் அந்தத் தொப்பியைச் சம்பாதிக்கத்தான் வேண்டும். சுமையோடு ஒன்பது மைலை 90 நிமிடத்தில் கடக்க வேண்டும். கடைசிச் சோதனை, டார்ட்மூர் மேட்டுநிலத்தில் 30 மைல். சாதாரண வீரருக்கு எட்டு மணி நேரம், அதிகாரிக்கு ஏழு. அதிகாரிக்கு ஒரு மணி நேரம் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பாதையைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘கடும் பயிற்சி’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம். உண்மையில் அதில் இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. முதலில் தெரிவு, பிறகுதான் பயிற்சி. தெரிவுக் கட்டத்தில் பெரிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. யார் விலகுவார்கள் என்று பார்க்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவுக்கான கரோனாடோ முகாமில் ‘நரக வாரம்’ என்று ஒன்று உண்டு. ஐந்தரை நாளில் மொத்தத் தூக்கம் நான்கு மணி நேரம்கூடத் தேறாது. குளிர்ந்த கடல்நீர், உடம்பெல்லாம் மணல், தலைமேல் ரப்பர் படகு. அங்கே ஒரு பித்தளை மணி இருக்கிறது. போதும் என்று முடிவெடுத்தவர் அதை மூன்று முறை அடித்துவிட்டு ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகலாம். இருக்கச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள். முக்குளித்தல், வெடிமருந்து, பாராசூட் எல்லாம் எஞ்சியவர்களுக்கு அடுத்தடுத்துக் காத்திருக்கும்.

இந்தியத் தரைப்படையின் பாரா சிறப்புப் படையில் இந்தக் கட்டத்துக்கு ‘புரொபேஷன்’ என்று பெயர். சுமார் மூன்று மாதம். தானாக முன்வந்தவர்களை மட்டுமே எடுப்பார்கள். இதற்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. அரசாணைகளில் நாள்தோறும் புழங்கும் ‘தகுதிகாண் பருவம்’ அப்படியே பொருந்துகிறது. அரசு அலுவலகத்தில் அது பெரும்பாலும் நாட்காட்டியைப் பார்த்துக் கடப்பது. இங்கே அந்தச் சொல்லுக்கு முழுக் கூலி கிடைக்கிறது.

இனி, கமாண்டோவுக்கு என்ன தமிழ்? நாளிதழ் வழக்கு ‘அதிரடிப்படை வீரர்’. அதிர அடிப்பவர் என்று விளக்கம் வேண்டாமலே புரியும். சந்தன மரக் கடத்தல் வீரப்பனைத் தேடிய சிறப்புக் காவல் படையால் தமிழ்நாட்டில் நிலைபெற்றுவிட்ட சொல். குறை என்னவென்றால், விளம்பரக்காரர்கள் ‘அதிரடித் தள்ளுபடி’ என்று அடித்து அடித்து அதிர்வையே எடுத்துவிட்டார்கள். இன்னொரு குறை, இந்தச் சொல் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டுமே காட்டுகிறது. அதற்கு முன் பல நாள் ஓசையில்லாமல் ஊர்வதும் பதுங்கிக் கிடப்பதும் அதில் இல்லை.

‘கரந்தடிப்படை’ அந்த மறைவைச் சொல்கிறது. ஆனால் அது ஏற்கெனவே கெரில்லாப் படைக்கு வழங்குகிறது. போவர் குழுக்களுக்கு அது கச்சிதம், இன்றைய அரசுப் படைக்கு ஆகாது. ‘தனிப்படை’யைக் காவல்துறை எடுத்துக்கொண்டுவிட்டது, திருடனைப் பிடிக்க அமைப்பது அது.

பழைய இலக்கியத்தில் இதற்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் வெட்சித் திணைக்குச் சொல்லும் இலக்கணம் ‘வேந்துவிடு முனைஞர் வேற்றுப்புலக் களவின் ஆதந்து ஓம்பல்’. அரசன் ஏவிய வீரர்கள் பகை நாட்டுக்குள் மறைவாகப் புகுந்து ஆநிரையைக் கவர்ந்து வந்து காப்பது. ஏவல் இருக்கிறது, வேற்றுநிலம் இருக்கிறது, களவு இருக்கிறது. அந்தத் திணையின் உட்பிரிவுகளான துறைகளில், ஒற்றர் அறியாமல் போவதற்குப் ‘புடைகெடப் போகிய செலவு’ என்றும், கொண்டுவரும் மாடுகளுக்கு வருத்தமில்லாமல் ஓட்டிவருவதற்கு ‘நோயின்று உய்த்தல்’ என்றும் பெயர். பிணைக்கைதியை மீட்கும் படைக்கும் இதே இரண்டும்தான் வேலை. இதற்காக ‘வெட்சி வீரர்’ என்று செய்தியில் எழுதச் சொல்லவில்லை. எழுதினால் பூ வியாபாரம் என்று நினைப்பார்கள்.

நான் எழுதுவது இப்படி. கட்டடத்துக்குள் பாய்ந்து பிணைக்கைதிகளை மீட்கும் படை என்றால் அதிரடிப்படை. பகைப்புலத்தில் நெடுநாள் இயங்கும் ராணுவப் பிரிவு என்றால் சிறப்புப் படை. அமெரிக்கச் செய்தியானால் கொஞ்சம் விழிப்பு வேண்டும்: அங்கே ‘ஸ்பெஷல் ஃபோர்ஸஸ்’ என்பது பச்சைத் தொப்பி அணியும் தரைப்படைப் பிரிவு ஒன்றுக்கு மட்டுமே உரிய பெயர், சீல் உள்பட மற்றதையெல்லாம் சேர்த்துச் சொல்ல ‘சிறப்பு நடவடிக்கைப் படைகள்’ என்று எழுதலாம். பெயரிலேயே கமாண்டோ இருந்தால் அதை மாற்றுவதில்லை. மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் ‘கோப்ரா’வில் முதலெழுத்தாக ஒளிந்திருப்பதும் கமாண்டோதான், அதைத் தமிழாக்கப் போனால் பாம்பு ஓடிவிடும்.