ஸ்கோரைச் சொல்லிவிட்டு சர்வ் போடு

சிறுவர் டென்னிஸ் போட்டிகளில் கோர்ட்டுக்கு ஒரு நடுவர் கிடைப்பது அரிது. நான்கைந்து கோர்ட்டுகளுக்குச் சேர்த்து என்னைப் போல ஒருவர் சுற்றிக்கொண்டிருப்பார். யாராவது கையைத் தூக்கினால் ஓட வேண்டும். போய்ப் பார்த்தால், பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதைவிட ஸ்கோர் என்ன என்ற சண்டைதான் அதிகம் நடக்கும்.

இருவர் வலையருகே நிற்கிறார்கள். சர்வ் போடுகிற பையன் 40-30 என்கிறான். எதிரே நிற்பவன் 30-40 என்கிறான். சர்வ் போடுபவரின் எண்ணைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆகவே முதலாவது சரியென்றால் இவன் கேமை முடிக்க இன்னும் ஒரு பாயிண்ட் போதும். இரண்டாவது சரியென்றால் அவனுக்கு பிரேக் பாயிண்ட், அதாவது எதிராளி சர்வ் போடும் கேமைப் பறிக்க இன்னும் ஒரு பாயிண்ட் போதும்.

இப்படி வந்தால் நான் முதலில் கேட்பது, "எந்தப் பக்கம் நின்று சர்வ் போடப் போனாய்?" ஒவ்வொரு கேமும் வலப்பக்கத்தில் தொடங்கி, பாயிண்டுக்குப் பாயிண்ட் பக்கம் மாறும். ஆடி முடித்தவை இரட்டைப்படை என்றால் வலம், ஒற்றைப்படை என்றால் இடம். 15 என்றால் ஒரு பாயிண்ட், 30 என்றால் இரண்டு, 40 என்றால் மூன்று. 30-15 என்று ஒருவரும் 30-30 என்று மற்றவரும் சொன்னால், நின்ற இடமே பாதி வழக்கைத் தீர்த்துவிடும். ஆனால் இந்தப் பையன்களுக்கு அது உதவவில்லை. 40-30, 30-40 இரண்டுமே ஐந்து பாயிண்ட்தான்.

அப்புறம் ஒவ்வொரு பாயிண்டாகச் சொல்லச் சொன்னேன். இரண்டாவது பாயிண்ட் யாருக்கு என்பதில் மட்டும்தான் தகராறு. மற்ற நான்கில் ஆளுக்கு இரண்டு என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். விதி தெளிவானது: ஒத்துப்போனவை நிற்கும், தகராறில் உள்ளது மட்டும் போகும். 30-30, வலப்பக்கத்திலிருந்து ஆடுங்கள் என்றேன். இரண்டு முகங்களும் தொங்கிப்போயின.

வெளியே நின்ற பெற்றோரில் ஒருவர், "என் பையன்தான் சார் அதிக பாயிண்ட் எடுத்திருக்கிறான்" என்றார். இருக்கலாம். டென்னிஸில் மொத்தக் கூட்டல் கிடையாது. 15, 30, 40 என்பவை ஒன்று, இரண்டு, மூன்றுக்கு வேறு பெயர்கள், அவ்வளவுதான். நான்கு பாயிண்ட் எடுத்து, இரண்டு முன்னால் இருந்தால் கேம். 40-40 ஆனால் டியூஸ். அதிலிருந்து தொடர்ந்து இரண்டு எடுக்க வேண்டும். கேம் முடிந்ததும் பலகை அழிந்துவிடும். ஒரு பாயிண்டும் விடாமல் ஜெயித்ததும் பத்து டியூஸ் தாண்டி ஜெயித்ததும் கணக்கில் ஒரே கேம்தான். செட்டும் அப்படியே: ஆறு கேம், இரண்டு முன்னிலை. 6-5 போதாது, 7-5 வேண்டும்.

2019 விம்பிள்டன் ஆடவர் இறுதியாட்டத்தில் ஃபெடரர் 218 பாயிண்ட் எடுத்தார், ஜோகோவிச் 204. ஐந்தாவது செட்டில் 8-7 என்று முன்னிலை, 40-15, சர்வும் ஃபெடரர் கையில். கோப்பை போனதோ ஜோகோவிச்சிடம். அவர் ஜெயித்த மூன்று செட்டுகளும் டை-பிரேக்கில், அதாவது கேம்கள் சமமாக நிற்கும்போது செட்டை முடிக்க ஆடும் தனி கேமில், வந்தவை. அன்று கடைசி செட்டில் 12-12 ஆனபிறகே டை-பிரேக். 2022 முதல் விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களிலும் கடைசி செட் 6-6 ஆனதும் பத்து பாயிண்ட் டை-பிரேக்.

பையன்கள் மறுபடி மாட்டிக்கொள்வது இந்த டை-பிரேக்கில்தான். இங்கே 15, 30 கிடையாது. ஒன்று, இரண்டு என்றே எண்ண வேண்டும். வழக்கமான டை-பிரேக்கில் ஏழு எடுத்து, இரண்டு முன்னால் இருந்தால் செட். முதலில் சர்வ் போடுபவருக்கு ஒரே ஒரு பாயிண்டுக்குத்தான் சர்வ், வலப்பக்கத்திலிருந்து. பிறகு ஆளுக்கு இரண்டிரண்டு, இடப்பக்கத்தில் தொடங்கி. ஆறு பாயிண்டுக்கு ஒருமுறை இருவரும் வலைக்கு மறுபக்கம் மாற வேண்டும். 7-6(4) என்று எழுதியிருந்தால், அடைப்புக்குள் இருப்பது தோற்றவர் டை-பிரேக்கில் எடுத்தது, அதாவது 7-4. 7-6(9) என்றால் 11-9.

என் பயிற்சியில் ஸ்கோரை எதிராளி காதில் விழும்படி சொல்லாமல் யாரும் சர்வ் போடக் கூடாது. சொல்லவில்லையா, எதிரே நிற்பவர் கையைக் காட்டி "ஸ்கோர்?" என்று கேட்கலாம். சர்வ் வருவதற்கு முன் கேட்க வேண்டும். பந்தை வலையில் அடித்துவிட்டுக் கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்தப் பாயிண்டைத் திருப்பித் தருவதில்லை.