வேலிட் எச்டிஎம்எல்: செல்லுபடியா, வழாநிலையா?

‘வேலிட்’ என்னும் சொல் ‘வலிமையுள்ள’ என்று பொருள்படும் ‘வலிடுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. சட்ட வலிமை உடைய ஆவணத்தையும், முறை பிறழாத வாதத்தையும் அது குறிக்கலாயிற்று. நம்முடைய ‘வலி’யோடு ஒலி ஒத்திருப்பதைக் கொண்டு உறவு கற்பித்தல் கூடாது, அது வெறும் ஒலி ஒப்புமையே.

இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழிக்கு இச்சொல் எஸ்ஜிஎம்எல் என்னும் மூத்த குறிமொழியிலிருந்து வந்தது. எந்த உறுப்புக்குள் எது வரலாம் என்று முன்னரே வகுத்த வரையறைக்கு ஓர் ஆவணம் முழுதும் பொருந்தினால் அது ‘வேலிட்’.

தமிழில் இதனைச் ‘செல்லுபடியாகும்’ என்றே பெரும்பாலும் எழுதுகிறோம். இங்குதான் இடர்ப்பாடு. செல்லாக்காசைக் கடையில் எவரும் வாங்கமாட்டார். ஆனால் விதி மீறிய எச்டிஎம்எல்லை பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவிகள் (பிரௌசர்கள்) எல்லாம் வாங்கிக்கொள்கின்றன. உலகில் மிகுதியாகப் பார்க்கப்படும் தளங்களின் முகப்புகளை, விதி மீறல்களைக் கண்டறியும் சரிபார்ப்பி என்னும் கருவியில் இட்டால் பெரும்பாலானவற்றுக்குப் பிழைப்பட்டியல் வருகிறது. தளங்களோ தடையின்றி இயங்குகின்றன. ‘செல்லுபடியாகாத பக்கம்’ என்பது அவற்றைப் பொறுத்தவரை பொருளற்ற தொடர்.

பொருத்தமான சொல் நம் இலக்கண மரபிலேயே இருக்கிறது. முறைப்படி அமைந்த தொடரை வழாநிலை என்றும், பிறழ்ந்ததை வழு என்றும், பிறழ்ந்திருந்தும் ஒரு காரணம் பற்றி ஏற்கப்படுவதை வழுவமைதி என்றும் பகுத்திருக்கிறார்கள். தாய் தன் மகளை ‘வாடா கண்ணா’ என்று அழைப்பது உவப்பினால் வந்த பால் வழுவமைதி.

இப்பகுப்பு எச்டிஎம்எல்லுக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. தடித்த எழுத்துக்கான ‘பி’ குறிச்சொல்லை (டேக்) திறந்து, அதனுள் சாய்வெழுத்துக்கான ‘ஐ’யைத் திறந்து, ‘ஐ’யை மூடுமுன் ‘பி’யை மூடினால் அது வழு. முன்பு இத்தகைய இடங்களில் உலாவிக்கு உலாவி ஆவணத்தின் உள்ளமைப்பு வேறுபட்டது. விதி மீறலை ஏற்காத எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழியின் வழிவந்த எக்ஸ்எச்டிஎம்எல் 2000ஆம் ஆண்டில் கடுமையை முன்வைத்தது. அதனை எக்ஸ்எம்எல்லாகவே அனுப்பினால், ஒரு குறிச்சொல் மூடப்படாமல் போனாலும் பக்கத்தின் இடத்தில் பிழைச்செய்தி தோன்றும். அக்கடுமை பரவலாக நிலைக்கவில்லை. 2014இல் தரநிலையாகப் பரிந்துரைக்கப்பட்ட எச்டிஎம்எல்5, பிழையான குறிமுறையை எப்படிப் பொருள்கொள்வது என்பதையும் படிப்படியாக வரையறுத்தது. மேற்காட்டிய எடுத்துக்காட்டில் ‘பி’ மூடியதும் தடிப்பு நின்று, சாய்வு மட்டும் தொடரும் என்பது இன்று எல்லா உலாவிகளுக்கும் பொது. வழுவமைதிக்கே இலக்கணம் வகுத்துவிட்டார்கள் என்று இதைச் சொல்வேன். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வகைசெய்யும் அணுகல்தன்மை நெறிமுறைகளின் 2.2ஆம் பதிப்பு, குறிமுறையின் தொடரமைப்புப் பிழைகளைப் பற்றிய தனி விதியை 2023இல் நீக்கியதற்கும் இம்மாற்றம் ஒரு காரணம்.

ஆயினும் எல்லா வழுவும் அமைதி பெறுவதில்லை. பக்கத்தைப் பற்றிய குறிப்புகள் இடம்பெறும் ‘ஹெட்’ பகுதிக்குள் ஒரு படத்தின் குறிச்சொல்லை வைத்துவிட்டால், உலாவி அந்தப் பகுதி அங்கேயே முடிந்ததாகக் கொள்கிறது. பக்கத்தின் மூல முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்ல அதற்குக் கீழே எழுதிய குறிப்பு உடற்பகுதிக்குள் விழ, தேடுபொறி அதைப் பொருட்படுத்தாது. படத்துக்கு அதை விவரிக்கும் மாற்றுரை எழுதாமல் விட்டால், திரைபடிப்பானைக் கொண்டு படிக்கும் பார்வையற்றவருக்கு அந்தப் படம் பொருளற்ற கோப்புப்பெயராகவே ஒலிக்கக்கூடும். தளம் எத்தனை புகழ்பெற்றதாயினும் இவ்வழுக்களைத் திருத்தியே ஆகவேண்டும்.

எனவே எச்டிஎம்எல் குறித்து எழுதும்போது ‘வழாநிலை எச்டிஎம்எல்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். நிரற்பிழைக்கு, அதாவது கணினி நிரலில் நேரும் பிழைக்கு, ‘வழு’ என்ற சொல் கணித்தமிழில் ஏற்கெனவே வழங்குவதால் இது அந்நியமாக ஒலிக்காது. ‘செல்லுபடி’யைப் படிவங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். மின்னஞ்சலுக்கான கட்டத்தில் முகவரியை அதற்குரிய வடிவில் இடாவிட்டால் உலாவி படிவத்தை அனுப்ப மறுக்கிறது. அந்த உள்ளீடு உண்மையாகவே செல்வதில்லை.