கழுத்து வலியைவிடக் கையையும் காலையும் கவனியுங்கள்

தேயிலைத் தோட்டத்தில் கழுத்து வலிக்காக ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு யாரும் வைத்தியசாலைக்குப் போவதில்லை. அதில் பெரிய பிழையும் இல்லை. கூடையோ சாக்கோ, கயிறு தலையில் கிடக்கும்வரை கழுத்து இறுகத்தான் செய்யும். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் தணியும். வலியே இல்லாமல் கை தடுமாறினால்தான் பயப்பட வேண்டும்.

கழுத்திலிருந்து பக்கத்துக்கு 8 நரம்புகள் கிளம்புகின்றன. எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி அதில் ஒன்றை நசுக்கினால், வலி ஒரு கையில் மட்டும் விரல் வரை இறங்கும். 6ஆவது என்றால் பெருவிரல் விறைக்கும், 7ஆவது நடுவிரல், 8ஆவது சின்னவிரல். கையைத் தலைமேல் வைத்தால் பலருக்குச் சுகமாக இருக்கும். கொழுந்து பறிப்பவர்களுக்கு மணிக்கட்டிலும் நரம்பு நசுங்கலாம். அது இரவில் எழுப்பும், உதறினால் விடும், சின்னவிரலைத் தொடாது. இவை 6 வாரத்தில் குறையாவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள். பிடி தளர்ந்தால், கை தூக்க முடியாவிட்டால் அந்த 6 வாரமும் காத்திருக்கக் கூடாது.

மூளையிலிருந்து முதுகெலும்பின் நடுவே இறங்கும் நரம்புத் தண்டு, அதாவது முண்ணாண், நசுங்குவது வேறு கதை. சட்டைப் பொத்தான் போட முடியாது, கொழுந்து விரலிலிருந்து நழுவும், படி இறங்கும்போது கால் விறைத்துத் தள்ளாடும். குனிந்தால் முதுகில் கரண்ட் அடிப்பது போல இருக்கும். வலி இல்லாததால் 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடுகிறார்கள்; இழந்த பலம் முழுதாகத் திரும்பாமலே போகலாம். வீட்டிலேயே பாருங்கள்: 10 வினாடியில் விரல்களை முழுதாக மடக்கி விரிக்க 20 தடவையாவது முடிய வேண்டும். மிகவும் குறைந்தால் அந்த வாரமே வைத்தியரிடம் போங்கள். சிறுநீர் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ, கால் பலம் வேகமாகக் குறைந்தாலோ அன்றைக்கே. காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும் அப்படித்தான்.

இடது கை வலியோடு நெஞ்சு இறுகி வியர்த்தால் அது கழுத்தல்ல, மாரடைப்பாக இருக்கலாம். உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மலையில் வழுக்கி விழுந்தவரைக் கம்பளியில் சுருட்டித் தூக்காமல், தலை அசையாதபடி பிடித்துக்கொண்டு அதே 1990ஐ வரவழையுங்கள்.

சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தை வெடுக்கென்று திருப்ப யாரையும் விடாதீர்கள். மூளைக்கு இரத்தம் போகும் குழாய் கிழிந்து பாரிசவாதம் வரலாம். சலூனிலும் இதே கதைதான்.

வைத்தியரிடம் 'கழுத்து வலி' என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு திரும்ப வேண்டியதுதான். எந்த விரல், எப்போதிருந்து, நடை எப்படி என்பதைச் சொல்லுங்கள். எக்ஸ்றே நன்றாக இருக்கிறது என்றாலும் கை தடுமாற்றம் தொடர்ந்தால் மறுபடி போங்கள். அதில் எலும்புதான் தெரியும், முண்ணாணைப் பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும்.