நன்றிக்கடன் வசூலிக்கப் புறப்பட்டவர்களுக்கு

போன மாதம் இன்னொருவர் நிறுத்திவிட்டார். மாதம் 50 ரிங்கிட், பதினொரு வருடமாக, ஒரு மாதம்கூடத் தவறாமல் எங்கள் மாணவர் உதவிநிதிக்கு ஆட்டோ டெபிட்டில் வந்துகொண்டிருந்த பணம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 6,600 ரிங்கிட். கிள்ளானில் ஒரு லாரிக் கம்பெனியில் கணக்கெழுதுகிறவர் அவர். பெயருக்கு முன்னால் டத்தோவும் இல்லை, டான் ஸ்ரீயும் இல்லை, ஆண்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்ததும் இல்லை.

கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியின் முன்னாள் மாணவர் பிரிவில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். யார் கொடுத்தார்கள், யார் நிறுத்தினார்கள் என்ற பட்டியல் மாதக் கடைசியில் என் மேசைக்கு வரும். அவர் பெயரைப் பார்த்ததுமே என்னவோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது, கூப்பிட்டேன். முதலில் "ஒண்ணுமில்ல தங்கச்சி, செலவு கூடிப்போச்சு" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். (தொழில் ரகசியம் இது, இந்த இடத்தில் நாம் வாயைத் திறக்கக்கூடாது.) அப்புறம் சொன்னார். புது மண்டபத்துக்கு நிதி கேட்டு அவருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. தலைப்பில் ஒரு குறள், அதற்குக் கீழே, உங்களை ஆளாக்கிய கல்லூரிக்கு நீங்கள் பட்ட நன்றிக்கடனை அடைக்க இதுவே நேரம், இன்னும் மௌனமாக இருப்பது அழகா என்கிற மாதிரி நாலு வரி.

"நான் என்ன கடன் வச்சிருந்தேன்? லேட்டாத்தான் கட்டினாரு, ஆனா எங்கப்பா ஃபீஸ முழுசா கட்டிட்டாரும்மா."

கடிதத்தை எழுதியது விழாக் குழு, என்னிடம் காட்டவில்லை. ஆனால் முகவரிப் பட்டியல் போனது என் அலுவலகத்திலிருந்துதான். ஏற்கனவே கொடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பிரித்தெடுக்காமல் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம். அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இந்த வருடத்தில் இப்படி நடப்பது மூன்றாவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன். முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர்கள், கல்லூரி முதல்வர்கள், ஏதாவது ஓர் ஆண்டு விழாவின் ஏற்பாட்டுக் குழுவில் மாட்டிக்கொண்ட நண்பர்கள் என்று எல்லாரும் தயவுசெய்து படியுங்கள்.

முதலில் இந்தக் கடன் விவகாரம். நம் ஆட்களுக்கு நன்றி என்று சொன்னாலே கூடவே கடன் என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. மேடையில் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கடன் என்றால் ஒரு தொகை உண்டு, தவணை உண்டு, கட்டி முடித்த அன்று கணக்குத் தீர்ந்தது, அப்புறம் வழியில் பார்த்தால் வணக்கம் சொல்லக்கூட வேண்டியதில்லை. அப்படி ஒரு கடன் அந்த மனிதருக்கும் கல்லூரிக்கும் இடையில் இருந்திருந்தால் அது கடைசிப் பருவக் கட்டணத்தோடு முடிந்துபோயிற்று, ரசீதும் கொடுத்துவிட்டோம். தனியார் கல்லூரி இலவசமாகவா சொல்லிக்கொடுத்தது? தோட்டத்தில் பால் வெட்டி, சீட்டு எடுத்து, அம்மாவின் நகையை அடகுக் கடையில் வைத்துக் கட்டிய பணம் அது. அதை வாங்கிக் கல்லாவில் போட்டவர்கள் இருபது வருடம் கழித்து வந்து உனக்கு நாங்கள் உபகாரம் செய்தோம் என்று சொன்னால் யாருக்குத்தான் எரியாது?

பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக்கடன் 1997இல் தொடங்கிய பிறகு படித்தவர்களின் கதை இன்னும் வேடிக்கை. இருபத்தெட்டு வயதுப் பெண், வேலைக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது, சம்பளம் வந்ததும் கார் தவணைக்கு முன்னால் அந்தக் கடனுக்கு ஒரு தொகையை எடுத்து வைக்கிறாள். அவளுக்கு நாம் 'உங்கள் கடனை அடையுங்கள்' என்று கடிதம் போடுகிறோம். கடன் என்றதும் அவளுக்கு நம் கல்லூரி ஞாபகத்துக்கு வருமா, பி.டி.பி.டி.என். ஞாபகத்துக்கு வருமா? அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படித்தவனாவது கடன்பட்டவன் இல்லையா என்று ஒரு முதல்வர் என்னிடம் வாதாடினார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அவனைப் படிக்க வைத்தது வரிப்பணம், வரி கட்டிய ஊருக்குத்தான் அவன் கடன்பட்டவன். உங்கள் மண்டபத்தின் குளிர்சாதன வசதிக்கு அவன் ஏன் கொடுக்க வேண்டும்?

இதற்கு ஒரு தம்பி உண்டு, புலனக் (வாட்ஸ்அப்) குழுப் பட்டியல். ஒருவர் 500 என்று பெயரோடு எழுதுவார், அடுத்தவர் அதை வெட்டி ஒட்டித் தன் பெயரையும் தொகையையும் சேர்ப்பார், பட்டியல் நீளும். இருபது ரிங்கிட் கொடுக்க நினைத்தவன் பார்ப்பான், பேசாமல் போனை மூடி வைத்துவிடுவான். மூன்றாம் நாள் யாராவது ஒரு மூத்தவர், இன்னும் பெயர் கொடுக்காதவர்கள் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று குரல்பதிவு போடுவார். அன்று ராத்திரியே ஏழெட்டுப் பேர் குழுவை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர்கூட, எழுதாதவன் பெயரை மைக்கில் வாசிப்பதில்லை.

சரி, பின்னே ஏன்தான் கொடுக்கிறார்கள்? ரசீது அனுப்பும்போது நான் ஒவ்வொருவரிடமும் கேட்பேன், பழக்கமாகிவிட்டது. பதினாறு வருடத்தில் கட்டடத்தைச் சொன்னவர் ஒருவரும் இல்லை, தரப்பட்டியலைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஓர் ஆளைச் சொல்வார்கள். பரீட்சைக் கட்டணத்தைத் தன் பையிலிருந்து கட்டிவிட்டு யாரிடமும் சொல்லாத விரிவுரையாளர். ஆங்கிலம் வராமல் திணறியவனை வாரம் இரண்டு நாள் மாலையில் உட்கார வைத்துப் பேச வைத்தவர். செந்தூலில் அறை வாடகை கொடுக்க முடியாத மாதத்தில் கடனுக்குச் சாப்பாடு போட்ட கேன்டீன்காரம்மா. கிள்ளான் அண்ணனின் ஆள், பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒரு மலாய்க்கார அக்கா. கட்டணம் வராததால் பரீட்சைப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டிய நாளில், எடுக்காமல் மூன்று நாள் பொறுத்துக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். நான்காம் நாள் அப்பா தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து பணத்தைக் கட்டினார். அந்த அக்கா காலமாகிப் பல வருடம் ஆகிறது. இருந்திருந்தாலும் திருப்பி வாங்கிக்கொள்ளக்கூடிய விஷயமா அது? அதனால்தான் இவர் வேறு யாரோ ஒரு பிள்ளைக்கு மூன்று நாள் அவகாசம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார், மாதம் 50 ரிங்கிட்டில்.

எல்லாரும் இப்படி உருக்கமானவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஜொனதன் மீர், ஹார்வி ரோசன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் நன்கொடைக் கணக்கை அலசிப் பார்த்தார்கள். பிள்ளை விண்ணப்பிக்கும் வயதை நெருங்க நெருங்க, அங்கே படித்த பெற்றோரின் நன்கொடை ஏறுகிறது, இடம் கிடைக்கவில்லை என்றால் சரேலென்று விழுகிறது. எனக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை, எஸ்.பி.எம். பள்ளி இறுதிப் பரீட்சை முடிவு வரும் சமயத்தில் என் போனுக்குத் திடீரென்று பழைய மாணவர்களின் அன்பு பெருகுவதைப் பார்த்திருக்கிறேன். மீர் இன்னொன்றும் கண்டுபிடித்தார்: முதலாண்டில் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பன் கூப்பிட்டுக் கேட்டால் கொடுக்கிறார்கள். இதைத்தான் நான் ஒவ்வொரு குழுவிடமும் சொல்லித் தொண்டை வறண்டுபோயிருக்கிறேன். முதல்வரின் கையெழுத்துக் கடிதம் வேண்டாம், கூடப் படித்தவனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

டத்தோவைப் பிடித்தால் போதும் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மைக்கேல் புளூம்பெர்க் 1964இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தார், அடுத்த வருடம் அவர் கொடுத்தது 5 டாலர். 2018இல் அதே பல்கலைக்கழகத்துக்கு, வசதியில்லாத மாணவர்களின் படிப்புக்காக அவர் அறிவித்தது 1.8 பில்லியன் டாலர். அந்த 5 டாலருக்கும் யாரோ ஒருவர் மரியாதையாக ரசீது போட்டு அனுப்பியிருப்பார். நம் ஊரில் மேடையேறும் மாதிரிக் காசோலைகளில் எத்தனை பிறகு நிஜக் காசோலையாக மாறுகின்றன என்பது என்னைப் போல நாலு பேருக்குத்தான் தெரியும், அதை இங்கே எழுத முடியாது.

இன்னும் பழைய கதை ஒன்று நம்முடையதே இருக்கிறது. 1950களில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார், ஆளுக்கு ஒரு வெள்ளி (அன்றைய டாலர்), மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க. கொடுத்த தோட்டத் தொழிலாளர்களில் எத்தனை பேர் பல்கலைக்கழகத்தை எட்டிப் பார்த்திருப்பார்கள்? அவர்கள் யாருக்குக் கடன்பட்டிருந்தார்கள்? புத்தகம் வாங்கப் போகிறோம் என்று சொன்னார்கள், ஒரு வெள்ளி கேட்டார்கள், கொடுத்தார்கள். எதற்கு, எவ்வளவு என்பது சொல்லும்போதே விளங்கிவிட்டது. 'கல்லூரி மேம்பாட்டு நிதி' என்று அச்சடித்துக்கொண்டு வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நேரம் கொடுக்கிறவர்களை நாம் படுத்துகிற பாடு தனி. பட்டர்வெர்த்திலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்த ஒரு மின்பொறியாளரைச் 'சிறப்பு விருந்தினர்' என்று சால்வை போர்த்தி இரண்டரை மணி நேரம் உரைகளைக் கேட்க வைத்துவிட்டு, மாணவர்களோடு பேசப் பத்து நிமிடம் ஒதுக்கினார்கள் ஒருமுறை. அவர் மறுபடி வரவில்லை. அவர் வந்ததே அந்தப் பிள்ளைகளுக்காக. சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பறை, எட்டு மாணவர்கள், மேசைக்கு அந்தப் பக்கம் அவர், மாதிரி நேர்முகத் தேர்வு. இதற்கு சால்வை வேண்டாம், நெகிழித் தட்டில் கொஞ்சம் மீஹூன் போதும். என் பட்டியலில் பல வருடம் தொடர்ந்து பணம் கொடுக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் இப்படி வந்து உட்கார்ந்தவர்கள், இல்லையென்றால் தன் கம்பெனியில் ஒரு மாணவனைப் பிராக்டிகலுக்கு எடுத்துக்கொண்டவர்கள்.

இனி சுருக்கமாக, கொஞ்சம் கண்டிப்பாக. தனிப்பட்டவர் வங்கிக் கணக்கில் வசூல் செய்யாதீர்கள், பொருளாளர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் சரி. பணம் அனுப்ப டூயிட்நவ் கியூஆர் குறியீடு போட்டால் அதில் சங்கத்தின் பெயர் வர வேண்டும், மாப்பிள்ளை பெயர் வரக்கூடாது. சங்கம் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்க வேண்டும், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கறிக்கை பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். நாலு வருடமாக அனுப்பவில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லாதீர்கள், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் இல்லாமல் 'வரி விலக்கு உண்டு' என்று அச்சடிக்கவே அடிக்காதீர்கள். அங்கீகாரம் இருந்தால் கொடுத்தவர் தன் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். இல்லாத பட்சத்தில் அவர் அந்த ரசீதை நம்பிப் படிவத்தில் போட்டுவிட்டு, பிறகு வரி வாரியத்தின் முன்னால் முழிப்பார். அந்த மனிதர் அடுத்த வருடம் உங்களுக்குப் போன் எடுப்பாரா?

பட்டம் பெற்ற முதல் வருடம் பணமே கேட்காதீர்கள். வேலை கிடைத்ததா என்று கேளுங்கள். பிறகு கேட்கும்போது சின்னதாகக் கேளுங்கள், பத்து ரிங்கிட் கேட்க வெட்கப்படாதீர்கள். கொடுத்தவனிடம் ஒரு வருடத்துக்குள், மறுபடி கேட்பதற்கு முன்னால், அந்தப் பணம் என்ன ஆனது என்று சொல்லிவிடுங்கள். மாணவர் பெயர் வேண்டாம், இரண்டாம் ஆண்டு கணக்கியல் மாணவி ஒருத்தியின் பஸ் செலவுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் போனது என்று ஒரு வரி போதும். இந்த ஒரு வரியை எழுத ஆளில்லை என்பார்கள், ஆனால் விருந்துக்கு ஒரு மேசை 1,500 ரிங்கிட் என்று விற்க மட்டும் பத்துப் பேர் கிடைப்பார்கள்.

கிள்ளான் அண்ணனுக்கு நானும் இதைச் செய்யவில்லை என்பதுதான் உறுத்துகிறது. பதினொரு வருடத்தில் வருடாவருடம் கணினி அச்சடித்த ரசீது போயிருக்கிறது, யாருக்கு உதவியது என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அன்று போனில்தான் சொன்னேன், கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருடமாக. ஏழாவது வருடத்துப் பையன் இப்போது ஷா ஆலமில் கணக்காய்வாளராக இருக்கிறான் என்றதும் "அப்படியா" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

ஆட்டோ டெபிட் இன்னும் நின்றபடிதான் இருக்கிறது, நான் கேட்கவும் இல்லை. வருகிற சனிக்கிழமை நேர்முகப் பயிற்சிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். உள்ளே கார் நிறுத்த இடம் இருக்குமா என்று மட்டும் கேட்டார். வாசல் காவலாளியிடம் அவர் பெயரையும் வண்டி எண்ணையும் கொடுத்து வைத்திருக்கிறேன்.