'பழம்'னு சொல்லுங்க பாக்கலாம்: ஒரு நரம்பு படுத்தா முகத்துல எது நிக்கும், எது ஓடும்

ரெண்டு வருஷம் முன்னாடி ஒருநாள் காலைல சித்தி பல்லு விளக்கி வாய் கொப்பளிக்கும்போது தண்ணி வலது ஓரமா ஒழுகிட்டே இருந்துருக்கு, என்னடா இதுன்னு கண்ணாடிய பாத்தா வாய் இடது பக்கமா கோணிக்கிட்டு இருக்கு. வீட்டுல எல்லாருக்கும் மனசுல ஒரே வார்த்தைதான், பக்கவாதம். அப்பிடியே கட்டின சேலையோட ஆட்டோல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம். அங்க கேஷுவால்டில இருந்த சின்ன வயசு டாக்டரம்மா சித்திகிட்ட முதல்ல சொன்னது, "அம்மா, புருவத்த மேல தூக்குங்க". சித்தி தூக்கினாங்க. நெத்தில இடது பக்கம் மூணு கோடு விழுந்துச்சு, வலது பக்கம் இஸ்திரி போட்ட துணி மாதிரி வழவழன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் கைய தூக்க சொன்னாங்க, கால அழுத்த சொன்னாங்க, ஸ்கேனும் எடுத்தாங்க, கடைசில இது ஸ்ட்ரோக் இல்லம்மா, முகவாதம், பெல்ஸ் பால்ஸின்னு சொன்னாங்க.

நெத்தி சுருக்கத்த வெச்சு மூளைல பிரச்சனையா நரம்புல பிரச்சனையான்னு ஒரு குறிப்பு கெடைக்குதுன்னா அது எப்பிடி, இந்த கேள்வி என்னை விடவே இல்ல. அதுக்கப்புறம் நான் தலை கழுத்து தசைகள பத்தி படிக்க ஆரம்பிச்சதுதான், படிக்க படிக்க சித்திக்கு அந்த ஒரு வாரத்துல வந்த ஒவ்வொரு கஷ்டத்துக்கும் ஒரு காரணம் கெடைச்சிட்டே இருந்துச்சு.

முதல்ல நெத்தி விஷயத்த சொல்லிடுறேன். மூளைலேந்து நேரடியா கெளம்புற நரம்பு 12 ஜோடி இருக்கு. அதுல 7வது ஜோடிதான் முகபாவனை காட்டுற தசைகள் எல்லாத்துக்கும் உத்தரவு கொண்டு போறது, வலது 7 வலது பாதி முகத்துக்கு, இடது 7 இடது பாதிக்கு. இந்த நரம்பு கெளம்புற எடத்துல ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்குன்னு வெச்சுக்கோங்க, அதுல நெத்திய பாத்துக்கிற பகுதிக்கு மூளையோட ரெண்டு பாதிலேந்தும் உத்தரவு வருது, ஆனா வாய பாத்துக்கிற பகுதிக்கு பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளைலேந்து மட்டும்தான் வருது. அதனால ஸ்ட்ரோக்ல மூளையோட ஒரு பாதி அடிபட்டா வாய் கோணும் ஆனா நெத்தி சுருங்கும், இன்னொரு பாதி அத பாத்துக்கும். அந்த ஸ்டேஷனுக்கு அப்புறம் நரம்பே அடிபட்டா நெத்தி, கண்ணு, வாய் எல்லாம் ஒண்ணா படுத்துடும். இத படிச்சிட்டு யாரும் வீட்டுலயே நெத்திய பாத்து முடிவு பண்ணிடாதீங்க, மூளைத்தண்டுல வர்ற சில ஸ்ட்ரோக் அந்த ஸ்டேஷனையே அடிச்சு அச்சு அசலா முகவாதம் மாதிரி காட்டும். வாய் கோணுச்சுன்னா உடனே ஆஸ்பத்திரி, அதுல ரெண்டாவது யோசனையே வேணாம்.

இன்னொண்ணும் எல்லாரும் தப்பா நெனைக்கிறது, வாய் எந்த பக்கம் இழுக்குதோ அந்த பக்கம்தான் கெட்டுப்போச்சுன்னு. பாட்டி சித்தியோட இடது கன்னத்துக்குத்தான் ஒத்தடம் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. உண்மைல இடதுதான் நல்லா இருக்கு, கயிறு இழுக்குற போட்டில ஒரு பக்கம் ஆளுங்க கைய விட்டுட்டா கயிறு இன்னொரு பக்கம் போகும்ல, அதேதான்.

இப்ப அந்த வாரத்துக்கு வர்றேன். முதல் நாள் மதியம் சித்தி இட்லி சாப்பிட்டாங்க, கடிக்கிறதுல ஒரு கஷ்டமும் இல்ல, வலது கடவாயிலயே கடிச்சாங்க, ஆனா சாப்பிட்டு முடிச்சு பாத்தா வலது கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவுல பாதி இட்லி தங்கி நிக்குது, வெரல விட்டுதான் எடுக்க வேண்டி இருந்துச்சு. ஏன்னா மெல்லுற தசை வேற, கன்னத்து தசை வேற. கைய காது முன்னாடி தாடை மேல வெச்சு பல்ல கடிங்க, கட்டியா ஒண்ணு எந்திரிக்கும், அது மாஸீட்டர். நெத்திப்பொட்டுல கைய வெச்சு கடிங்க, அங்கயும் ஒண்ணு துடிக்கும், அது டெம்போராலிஸ். தாடைக்கு உள்பக்கம் இன்னும் ரெண்டு டெரிகாய்டு தசை இருக்கு. இந்த நாலு ஜோடியையும் ஓட்டுறது 5வது நரம்பு. கன்னத்துக்குள்ள தட்டையா இருக்கிற பக்சினேட்டர் மெல்லுற வேலைல கூடவே நின்னு சாப்பாட்ட திரும்ப திரும்ப பல்லுக்கு அடில தள்ளி விடுது, ஆனா அதுக்கு கரண்ட் 7லேந்து வருது. லத்தீன்ல அந்த பேருக்கே எக்காளம் ஊதுறவன்னுதான் அர்த்தம், நாதஸ்வரம் வாசிக்கிறவங்க கன்னம் உப்பி, உள்ள நிக்கிற காத்த ஒரே சீரா அழுத்தி வெளிய விடுறாங்களே, அதுல பெரும்பங்கு இந்த தசைக்குத்தான்.

ஒரே தட்டுல வெச்சு சாப்பிடுற இட்லிக்கு ரெண்டு நரம்பு எதுக்கு? இதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச எடம், கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

வயித்துல கரு நாலாவது வாரத்துல இருக்கும்போது கழுத்து பக்கத்துல மடிப்பு மடிப்பா வளைவுங்க உருவாகும். மீனுக்கு இதே வளைவுங்கதான் தாடையாவும் செவுளாவும் மாறுது, நமக்கு செவுள் எந்த காலத்துலயும் வர்றதில்ல, ஆனா அந்த வளைவு மட்டும் பல கோடி வருஷமா மாறாம வந்துக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு வளைவும் தனிக்குடித்தனம் மாதிரி, அதுக்குன்னு ஒரு நரம்பு, ஒரு ரத்தக்குழாய், கொஞ்சம் குருத்தெலும்பு, கொஞ்சம் தசை. முதல் வளைவுக்கு 5வது நரம்பு, அது தாடையாவும் மெல்லுற தசையாவும் ஆகுது. ரெண்டாவது வளைவுக்கு 7வது நரம்பு. இந்த ரெண்டாவது வளைவோட தசைங்க பொறக்குறது கழுத்துக்கு மேல காது கிட்ட, அங்கேந்து கெளம்பி கன்னம், கண்ணு, நெத்தி, உச்சந்தலைக்கு பின்னாடி வரைக்கும் மெல்லிசா பரவிக்கிட்டே போகுது. போற தசை தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கிட்டு போகும். குடி மாறி எந்த ஊருக்கு போனாலும் குலதெய்வம் மாறாதுல்ல, தசையும் எங்க போய் ஒட்டினாலும் பொறந்த வளைவோட நரம்புதான் அதுக்கு. அதனாலதான் பக்சினேட்டர் மெல்லுற எடத்துக்கு வந்து மெல்லுற வேலைய செஞ்சாலும் அது 7வது நரம்போட புள்ள.

இப்பிடி தோலுக்கு அடில தசை பரவுனது பாலூட்டிங்களுக்கு மட்டும் கெடைச்ச சொத்து. கோழிக்கும் ஓணானுக்கும் முகத்துல இந்த விரிப்பு இல்ல, கோவம் வந்தாலும் மூஞ்சி சுருங்காது. நமக்கோ இந்த தசைங்க பெரும்பாலும் எலும்புல ஆரம்பிச்சு தோல்ல போய் முடியுது, தோலையே நேரா புடிச்சு இழுக்குது, அதான் சிரிப்பும் அழுகையும் முகத்துல தெரியுது. 2019ல வந்த ஒரு ஆராய்ச்சில நாயோட உள்புருவத்த தூக்குற தசை நல்லா வளந்து இருக்குன்னும் ஓநாய்க்கு அந்த எடத்துல மெல்லிசா நார் மாதிரிதான் இருக்குன்னும் கண்டுபுடிச்சாங்க. நம்ம கூடவே வாழ்ந்து வாழ்ந்து நாய்க்கு அந்த கெஞ்சுற பார்வை வந்துருக்குன்னு நெனைச்சா எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நெகிழுது.

வளைவு கதைக்கு ஒரு அழகான சாட்சி தாடைக்கு கீழ இருக்கு. டைகாஸ்ட்ரிக்னு ஒரு தசை, பேருக்கு அர்த்தமே ரெண்டு வயிறு. காதுக்கு பின்னாடி இருக்கிற எலும்பு மேட்டுலேந்து கெளம்பி, தொண்டைல ஹயாய்டு எலும்பு கிட்ட வந்து மெல்லிசா நாண் ஆகி, அப்புறம் மறுபடி தடிச்சு முகவாய்க்கட்டைக்கு போகும். முன்வயித்துக்கு 5வது நரம்பு, பின்வயித்துக்கு 7வது. ஒரே தசைக்கு ரெண்டு ஊர் கரண்டு. முன்பாதி முதல் வளைவுல பொறந்துச்சு, பின்பாதி ரெண்டாவதுல, நடுவுல ரெண்டும் சம்பந்தம் பண்ணிக்கிச்சு.

ரெண்டாம் நாள் சித்தி குக்கர் விசில் சத்தத்துக்கு காத பொத்திக்கிட்டாங்க. மிக்ஸி போட்டா வலது காதுல இடி மாதிரி இருக்குன்னாங்க. வாய் கோணினதுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்னு வீட்டுல யாரும் நம்பல. நடுக்காதுல ஸ்டேப்பிஸ்னு உடம்புலயே சின்ன எலும்பு இருக்கு, அத புடிச்சிக்கிட்டு ஸ்டேப்பீடியஸ்னு ஒரு தசை, சுமார் 6 மில்லிமீட்டர் நீளம், எலும்போட ஒட்டுற தசைகள்லயே இதான் ரொம்ப சின்னது. பெருஞ்சத்தம் வந்தா இது எலும்ப இழுத்து புடிச்சு சத்தத்த கொஞ்சம் அமுக்கி உள்ள விடும். அதோட நரம்பும் 7, ஏன்னா ஸ்டேப்பிஸ் பெரும்பாலும் ரெண்டாவது வளைவோட குருத்தெலும்பு. செவிப்பறைய ஒட்டி இருக்கிற மேலியஸ் எலும்பு முதல் வளைவுலேந்து வந்தது, அத இழுக்குற தசைக்கு பாத்தா சொல்லி வெச்ச மாதிரி 5வது நரம்பு. ஊர்வன இனத்துல தாடை மூட்டா இருந்த எலும்புங்கதான் நமக்கு நடுக்காதுக்குள்ள போச்சுன்னு 1837லயே ரைஷர்ட்னு ஜெர்மன் உடற்கூறியல் அறிஞர் கருவுங்கள பாத்தே சொல்லிட்டாரு.

காபி ருசியும் மாறிடுச்சு, நாக்கோட முன்பக்கம் மூணுல ரெண்டு பங்குக்கு ருசிய எடுத்துட்டு போற இழை 7வது நரம்பு கூடத்தான் பயணம் பண்ணுது.

ஆனா எனக்கு கண்ணுல தண்ணி வந்தது பேச்சுலதான். சித்தி எங்க ஊர் பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சரா இருந்தவங்க, உச்சரிப்புல ஒரு பிசிறு இருக்காது. அவங்களுக்கு 'பழம்'னு சொல்ல வரல. கவனிச்சு கேட்டா முன்னாடி ப குழறுது, கடைசி ம் காத்தா போகுது, ஆனா நடுவுல ழ மட்டும் அவ்வளவு சுத்தமா வருது. ப, ம ரெண்டுக்கும் ரெண்டு உதடும் இறுக்கமா மூடணும், வ-வுக்கு கீழுதடு மேல்பல்ல தொடணும், உதட்ட சுத்தி இருக்கிற ஆர்பிகுலாரிஸ் ஓரிஸ் 7வது நரம்போட தசை. ழ-வுக்கு நாக்கு மேல வளையணும், அவ்வளவுதான். நாக்கு ஒவ்வொரு பக்கமும் எட்டு தசையால ஆனது, ஒண்ண தவிர மத்ததெல்லாம் 12வது நரம்பு. நாக்கு தசை இந்த வளைவு குடும்பத்தையே சேராது, பிடரி பக்கத்துலேந்து கெளம்பி தொண்டைய சுத்தி முன்னாடி ஊர்ந்து வருது, நரம்பும் அதே பாதைல வளைஞ்சு பின்னாடியே வருது.

ராத்திரி இன்னொரு பயம். சித்தி தூங்கும்போது வலது கண்ணு மூடல, முழி மேல சொருகி வெள்ளை மட்டும் தெரிஞ்சுது, பாட்டி சாமி கும்பிட ஆரம்பிச்சிட்டாங்க. கண்ண மூடுற தசைக்கு 7வது நரம்பு, தெறக்குற தசைக்கு 3வது. தெறக்குறவன் நல்லா இருக்கான், மூடுறவன் படுத்துட்டான், அதான் கண்ணு தெறந்தே நிக்குது. மூட பாக்கும்போது முழி மேல போறது பெரும்பாலானவங்களுக்கு நடக்குறதுதான், இமை மூடிடுறதால தெரியறதில்ல. ஸ்காட்லாந்துல பொறந்த சார்லஸ் பெல் இத எழுதி வெச்சதால அவர் பேர்லயே அந்த நிகழ்வு இருக்கு, வியாதியும் இருக்கு, முகத்துல தொடு உணர்ச்சிக்கு ஒரு நரம்பு அசைவுக்கு ஒரு நரம்புன்னு 1821லயே பிரிச்சு காட்டினவரு. சித்திக்கு கன்னத்த தொட்டா நல்லா தெரிஞ்சுது, அது 5வதோட வேலை. கண்ணு காய்ஞ்சா கருவிழில புண்ணு வரும், அதனால பகல்ல சொட்டு மருந்து, ராத்திரி ஆயின்மென்ட் போட்டு டேப் ஒட்டி மூடணும், மாத்திரைய விட இத யாரும் அலட்சியம் பண்ணக்கூடாது.

நரம்பு ஏன் படுத்துச்சுன்னா, 7வது நரம்பு காதுக்கு பின்னாடி வெளிய வர்றதுக்கு முன்னாடி மண்டை எலும்புக்குள்ள சுமார் 3 சென்டிமீட்டர் ஒரு சுரங்கத்துல வருது, அதுல ரொம்ப குறுகலான எடத்துல அகலம் 1 மில்லிமீட்டருக்கும் கம்மி. நரம்பு வீங்கினா சுவர் எலும்பு, நகர எடமில்ல, தானே நசுங்கிடும். ஹெர்பிஸ் வைரஸ் மறுபடி முழிச்சிக்கிறதால வீங்குதுன்னு பலமா சந்தேகப்படுறாங்க, சர்க்கரை உள்ளவங்களுக்கும் கர்ப்பிணிங்களுக்கும் வாய்ப்பு ஜாஸ்தி. ஸ்டீராய்ட் மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா பலன் நல்லா இருக்கும். மருந்தே இல்லாம கூட பத்துல ஏழு பேர் போல முழுசா சரியாயிடுறாங்க.

கழுத்துக்கும் இதே கணக்குதான். விழுங்குற வேலைல தொண்டைய தூக்குற ஒரு தசை மூணாவது வளைவோடது, 9வது நரம்பு. குரல்வளை தசைங்க அதுக்கு கீழ இருக்கிற வளைவுங்களோடது, 10வது நரம்பு. மீன்ல செவுள் பக்கத்துலயே இருந்த ரத்தக்குழாய் நமக்கு நெஞ்சுக்குள்ள எறங்கிடுச்சு, அதுக்கு கீழ மாட்டின நரம்பையும் இழுத்துக்கிட்டு போயிடுச்சு. அதனால இடது குரல் நரம்பு மூளைலேந்து கெளம்பி நெஞ்சுல மகாதமனிய சுத்திட்டு மறுபடி மேல ஏறி குரல்வளைக்கு வருது. ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே சுத்துதான், அங்க மீட்டர் கணக்குல ஆகும். தைராய்டு ஆபரேஷன்ல சர்ஜன் அவ்வளவு பதமா தேடி ஒதுக்கி வெக்கிற நரம்பு இதுதான், அது அறுந்தா குரல் கரகரத்து கம்மிடும்.

சித்திக்கு தேற அஞ்சு மாசம் ஆச்சு. முதல்ல கண்ணு மூட ஆரம்பிச்சுது, அப்புறம் உதடு. ஒருநாள் போன் பண்ணி "பழம், பம்பரம், மாமரம்" மூணையும் வரிசையா சொல்லி காமிச்சாங்க. நசுங்கின நரம்பு திரும்ப வளரும்போது சில இழைங்க பழைய வழிய விட்டு பக்கத்து தசைக்கு போய் சேந்துடும், வாய்க்கு போக வேண்டியது கண்ணுக்கு போயிடும். அதனால இப்பவும் சித்தி உதட்ட குவிச்சு காபிய ஊதும்போதெல்லாம் வலது கண்ணு லேசா சுருங்கும்.