சீக்குவல்: பாகமா, தொடர்ச்சியா?

ஒரு சூப்பர்ஹீரோ படம் நன்றாக ஓடிவிட்டால் மறுநாளே வரும் கேள்வி ‘பார்ட் டூ எப்போ?’ என்பதுதான். அதற்கும் முன்னால், பெயர்ப்பட்டியல் முழுக்க ஓடி முடிகிற வரைக்கும் இருக்கையை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்து, கடைசியில் வரும் அந்த ஒரு நிமிடத் துண்டுக் காட்சியையும் பார்த்துவிட்டு, ‘லீட் வச்சிருக்காங்க, கண்டிப்பா வரும்’ என்று தீர்ப்பு சொன்ன பிறகே நம்மாட்கள் கிளம்புவார்கள். பார்ட் டூ, செகண்ட் பார்ட், சீக்குவல், இரண்டாம் பாகம், தொடர்ச்சி என்று எல்லாவற்றையும் ஒரே பொருளில்தான் புழங்குகிறோம். பேச்சில் அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. எழுதும்போது மட்டும் கொஞ்சம் இடிக்கும்.

முதலில் சீக்குவலின் பூர்வீகம். லத்தீனில் ‘செக்வி’ என்றால் பின்தொடர்வது, அதிலிருந்து ‘செக்வேலா’, பின்னால் வருவது. பிரெஞ்சு வழியாக 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. பெரிய மனிதர் ஒருவர் பின்னால் போகும் ஆள்படையையும் பரிவாரத்தையும் அது குறித்தது; ஒரு செயலின் விளைவு என்ற பொருளும் உண்டு. ஒரு கதைக்கு அடுத்து வரும் கதை என்ற பொருள் 16-ஆம் நூற்றாண்டில்தான் ஏறியது. ‘செகண்ட்’ என்ற சொல்லும் இதே வேரில் முளைத்தது என்பதால், செகண்ட் பார்ட்டும் சீக்குவலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மருத்துவத்தில் ‘செக்வேலா’ இன்னும் அப்படியே இருக்கிறது: நோய் போன பிறகும் உடம்பில் அது விட்டுவைக்கும் கோளாறு. சில இரண்டாம் பாகங்களைப் பார்க்கும்போது மருத்துவர்கள் சொல்லும் பொருள்தான் சரியோ என்று தோன்றும்.

விளைவு என்ற அந்தப் பழைய பொருளைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நல்ல சீக்குவலுக்கான சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. முதல் படத்துக்கு ஒரு வசதி உண்டு. நாயகனுக்குச் சக்தி எப்படி வந்தது, உடை எப்படித் தைத்தான், முதல் தடவை சுவரேறும்போது எப்படி விழுந்தான் என்பதிலேயே பாதிப் படம் ஓடிவிடும். இரண்டாவதில் அது கிடையாது. அதனால் பலரும் வில்லனைப் பெரிதாக்குவார்கள், கட்டடங்களை இன்னும் அதிகமாக இடிப்பார்கள். 2004-இல் வந்த ஸ்பைடர்மேன் 2 வேறு வழியில் போனது. 2002-இல் வந்த முதல் படத்தில் நடந்தவற்றுக்கு இதில் வட்டி கட்டுகிறார்கள்: அப்பாவைப் பறிகொடுத்த நண்பன் பழிவாங்கத் துடிக்கிறான், ஊரைக் காப்பாற்ற ஓடி ஓடி நாயகனுக்கு வேலையும் போகிறது, படிப்பும் கெடுகிறது, ஒரு கட்டத்தில் சக்தியே கைவிடுகிறது. மழை கொட்டும் சந்தில் குப்பைத் தொட்டிக்கு வெளியே அந்தச் சிவப்பு உடை தொங்கிக்கொண்டிருக்க, அவன் முதுகைக் காட்டி நடந்துபோகும் காட்சியை முதல் படத்தில் வைத்திருக்கவே முடியாது. சொல்லின் இரண்டு பொருளும் அந்தப் படத்துக்குப் பொருந்தும்.

சரி, இதற்குத் தமிழில் என்ன?

‘இரண்டாம் பாகம்’ என்பதுதான் அதிகம் புழங்குவது. எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. பாகம் என்றால் முழுமையான ஒன்றின் கூறு. பாகப்பிரிவினை என்கிறோமே, அங்கே ஏற்கெனவே இருக்கும் சொத்தைத்தான் பிரிக்கிறார்கள். இனிமேல் சம்பாதிக்கப் போவதை யாரும் பாகம் என்று சொல்வதில்லை. ஒரே கதையை இரண்டாக வெட்டி எடுத்தால் அது பாகம். சூப்பர்மேன் படங்கள் அப்படித்தான் தொடங்கின. இயக்குநர் ரிச்சர்ட் டோனர் இரண்டு படங்களையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டிருந்தார், இரண்டாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு முதலாவதை முடித்து 1978-இல் வெளியிட்டார்கள், அதற்குப் பிறகு அவரை நீக்கிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரை வைத்து இரண்டாவதை முடித்தார்கள். டோனர் எடுத்துவைத்திருந்ததைக் கொண்டு 2006-இல் தனியாக ஒரு பதிப்பே வந்தது. அவெஞ்சர்ஸ் வரிசையில் 2018-இலும் 2019-இலும் வந்த இரண்டும் முதலில் பாகம் 1, பாகம் 2 என்றுதான் அறிவிக்கப்பட்டன. பிறகு பெயரிலிருந்து எண்ணை எடுத்துவிட்டார்கள். பெயரில் இல்லாவிட்டாலும் அவை பாகங்கள்தான், முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு யாரால் நிம்மதியாகத் தூங்க முடியும்?

எந்திரன் அப்படியில்லை. 2010-இல் வந்த அந்தப் படம் முடியும்போது சிட்டி தன்னைத்தானே துண்டு துண்டாகக் கழற்றி வைத்துவிடுகிறது. கதை அங்கே மூடியாகிவிட்டது. 2018-இல் அடுத்த படம் வந்தபோது, கழற்றி வைத்ததை மறுபடி மாட்டினால்தான் கதையே நகரும் என்ற நிலை. இப்படி முழுதாக முடிந்த ஒன்றின் மேல் கட்டுவதற்குப் ‘பாகம்’ பொருந்தாது, ‘தொடர்ச்சி’தான் சரி. அந்தப் படத்துக்கு 2.0 என்று மென்பொருள் பதிப்பைப் போலப் பெயர் வைத்ததும் இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வாகத்தான் படுகிறது.

தொடர்ச்சிக்கு அடி ‘தொடர்’. பழந்தமிழில் தொடர் என்றால் சங்கிலி. சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியதாக உள்ள புறநானூறு 74-ஆம் பாட்டில் ‘தொடர்ப்படு ஞமலி’ என்று வருகிறது: சங்கிலியில் கட்டப்பட்ட நாய். எனக்கு இந்தச் சொல்லின் மேல் பிரியம் வந்ததே அதனால்தான். இணைப்பதும் சங்கிலி, கட்டிப்போடுவதும் சங்கிலி. முதல் படம் வசூலை அள்ளிவிட்டால் அடுத்ததை எடுப்பவர் நிலை கிட்டத்தட்ட அதுதான். அதே மாதிரி எடுத்தால் அரைத்த மாவையே அரைக்கிறார் என்பார்கள், மாற்றி எடுத்தால் கெடுத்துவிட்டார் என்பார்கள்.

‘தொடர்’ என்று மட்டும் எழுதலாமா என்றால், கூடாது. சின்னத்திரைத் தொடர், கிரிக்கெட் தொடர், வலைத்தொடர் என்று அது ஏற்கெனவே பல வீட்டில் குடியிருக்கிறது. ‘தொடர்ச்சி’க்கும் ஒரு சின்னத் தொந்தரவு உண்டு, பத்திரிகையில் ‘தொடர்ச்சி 34-ஆம் பக்கம்’ என்று போட்டுப் பழக்கிவிட்டார்கள், அதனால் பாதியில் அறுந்த ஒன்றின் மிச்சம் போலத் தொனிக்கும். ‘தொடர்ச்சிப் படம்’ என்று எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

எது தொடர வேண்டும் என்பதற்கு இந்தச் சொல் கட்டுப்பாடு ஏதும் போடவில்லை என்பதும் வசதி. அயர்ன்மேன் 2-இல் நாயகனின் ராணுவ நண்பர் பாத்திரம் தொடர்ந்தது, நடித்தவர் மாறிவிட்டார். பிளாக் பேந்தரில் நேர்மாறு: நாயகனாக நடித்த சாட்விக் போஸ்மேன் 2020-இல் இறந்த பிறகு அந்த வேடத்துக்கு வேறு ஆளைப் போடாமல், மரணத்தையும் கதைக்குள்ளேயே கொண்டுவந்து 2022-இல் அடுத்த படத்தை எடுத்தார்கள். அங்கே தொடர்ந்தது நாயகனின் நாடும் குடும்பமும். தி இன்கிரெடிபிள்ஸ் என்ற அனிமேஷன் படம் இன்னொரு விதம். 2004-இல் நிலத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு வில்லன் மேலே வர, குடும்பமே முகமூடியை மாட்டுவதோடு படம் முடிந்தது. 2018-இல் வந்த அடுத்த படம் அதே சண்டையிலிருந்து தொடங்கியது. பார்த்த பிள்ளைகளுக்கு 14 வயது கூடிவிட்டது, கதைக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நாள்கூடக் கூடவில்லை.

பழைய மரபில் இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிக்கும் நன்னூல், வழிநூலுக்குச் சொல்லும் இலக்கணம் இது: முன்னோர் சொன்ன முடிபோடு ஒத்துப்போக வேண்டும், பின்னால் வருபவர் தமக்கு வேண்டிய வேறுபாட்டையும் சொல்லலாம், மரபு மட்டும் அழியக் கூடாது. படத்தயாரிப்பு ஒப்பந்தத்தில் அப்படியே சேர்த்துவிடலாம் போலிருக்கிறது! ஆனால் ‘வழிப்படம்’ என்று நான் எழுதினால் வழித்துணைக்குப் பார்க்கும் படமா என்று கேட்பார்கள். வழிநூல் என்பது தழுவலுக்கும் சுருக்கத்துக்கும் விரிவுக்கும் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்துச் சொன்னது என்பதால் முழுதாகவும் பொருந்தாது. ஸ்பின் ஆஃப் என்கிறோமே, துணைப் பாத்திரம் ஒன்றைப் பிய்த்துத் தனியாக எடுக்கும் படம், அதற்குச் ‘சார்புப் படம்’ என்பதை நான் மனமாரப் பரிந்துரைப்பேன்.

பிரீக்குவலுக்கு ‘முன்கதை’ போதும். என்ன, தொடர்கதைகளில் வரும் ‘முன்கதைச் சுருக்கம்’ இதுவரை நடந்ததைச் சொல்வது, இது அதற்கும் முந்தியதைச் சொல்வது. ரீபூட் இந்தக் குடும்பத்திலேயே சேராது, அது பழைய கணக்கை அழித்துவிட்டு ‘மறுதொடக்கம்’ செய்வது.

எண்ணை மட்டும் நம்பாதீர்கள். க்ரிஷ் 3 என்று படம் உண்டு, க்ரிஷ் 2 என்று ஒரு படமே கிடையாது. 2003-இல் வந்த கோயி மில் கயாவை ஒன்று என்று வைத்து எண்ணினால்தான் கணக்கு வரும். பேட்மேன் தொடர்ச்சிப் படமான தி டார்க் நைட் எண்ணும் போடவில்லை, நாயகன் பெயரையும் போடவில்லை.

எழுதும்போது ஒன்று: ‘தொடர்ச்சிப் படம்’ என்பதில் ப் வரும். சூப்பர்ஹீரோவையும் தமிழில் சொல்ல வேண்டுமென்றால் ‘மீநாயகன்’ இருக்கிறது, ‘மீநாயகத் தொடர்ச்சிப் படம்’ என்று எழுதலாம், ஆனால் தலைப்பில் போடாதீர்கள், முதலில் ஓரிடத்தில் விளக்கிவிட்டுப் போடுங்கள்.